மிஸ்டர் ஓமின் இன்ரநெற் நாடகம்

ஒரு கண்டுபிடிப்பு வேலைசெய்யாமல் போனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. நாலு பேர் உச்சுக்கொட்டுவார்கள், ஒருவர் தோளில் தட்டுவார், வந்த சனம் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும். அது வேலைசெய்துவிட்டால்தான் கஷ்டம். தொண்ணூறுகளின் கடைசியில், ரொறன்ரோவில், கொரிய நாடகங்களை இன்ரநெற்றில் காட்டுவதற்கு நான் ஒரு சேவை கட்டினேன். அது தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தடங்கலில்லாமல் ஓடியது. அந்த ஒரு முறையும் தடங்கியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

யாழ்ப்பாணத்தானுக்கும் கொரிய நாடகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சம்பந்தமும் இல்லை. அதுதான் என்னுடைய முதல் தகுதி.

நான் அப்போது பகலில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை, மாலையில் ஸ்காபரோவில் ஒரு தனியார் கல்லூரியில் கொம்பியூட்டர் படிப்பு. அதுவரைக்கும் நான் செய்த ஒரே இணையத்தளம், ஒரு புடவைக் கடைக்கானது. அதில் ஒரு குத்துவிளக்கு அணைந்து அணைந்து எரியும். (அணையாமல் எரியவைக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.) அந்தத் திமிரில், கல்லூரி அறிவிப்புப் பலகையில் "இன்ரநெற்றில் வீடியோ காட்டத் தெரிந்தவர் தேவை" என்று கண்டதும் புறப்பட்டுப் போனேன்.

நோர்த் யோர்க்கில் அது ஒரு கொரிய வீடியோக் கடை. சோல் நகரத்துத் தொலைக்காட்சியில் ஓடும் நாடகங்கள் கசெற்றுகளாக விமானத்தில் வந்து அங்கே வாடகைக்குப் போகும். கடைக்காரரின் பெயர் ஓம். எங்களுடைய பாஷையில் ஓம் என்றால் ஆமாம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"உனக்கு வீடியோவை ரெலிபோன் லைனில் அனுப்பத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பதற்றத்தில் என் வாயிலிருந்து வந்த பதில்: "ஓம்."

"அது நான்தான்," என்றார் அவர். "உனக்குத் தெரியுமா?"

"ஓம், ஓம்," என்றேன்.

முதலாளியின் பெயரை இரண்டு தரம் மரியாதையோடு சொன்ன ஒரே ஆள் நான் என்பதாலோ என்னவோ வேலையைத் தந்துவிட்டார். மற்றது, வேறு யாரும் வரவில்லை.

மிஸ்டர் ஓமைப் பற்றி நான் பகிடியாக எழுதினாலும் அவர் ஒரு தீர்க்கதரிசி. "கசெற் சாகப் போகிறது. சனம் வீட்டில் இருந்தபடி ஒரு பொத்தானை அழுத்தும், நாடகம் வரும்," என்று எல்லாரிடமும் சொன்னார். கவுண்டரில் இருந்த அவருடைய மனைவி ஒருபோதும் அதை நம்பவில்லை. "உங்கள் பொத்தான் வருகிறவர்களிடம் முழங்கால் வலி எப்படி என்று கேட்குமா?" என்று திருப்பிக் கேட்பார். நான் தீர்க்கதரிசியின் பக்கம் நின்றேன். சம்பளம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

திட்டம் இதுதான். கடையில் உள்ள நாடகக் கசெற்றுகளை ஒவ்வொன்றாகக் கொம்பியூட்டருக்குள் ஏற்ற வேண்டும். பிறகு சுருக்க வேண்டும். பிறகு ரெலிபோன் லைனில் விட வேண்டும். சுருக்கி முடித்ததும் படம் ஒரு முத்திரை அளவுக்கு வரும். அதில் கதாநாயகியும் வருவாள், கதவும் வரும், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு வசனம் பேசியதும் அப்படியே உறைந்து நிற்கும். ஆனாலும் மிஸ்டர் ஓம் அதைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கண் சிமிட்டினாள், பார்த்தாயா?" என்பார். நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்றேன்.

ஒரு மணித்தியாலக் கசெற்றை ஏற்ற ஒரு மணித்தியாலம் ஓடவிட வேண்டும். கடையின் பின்னறையில் நூடில்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் எனக்கு நிற்கவே இடம் இல்லை. அதனால் கொம்பியூட்டரையும் இரண்டு பெட்டி கசெற்றையும் மல்வேர்னில் நானும் அம்மாவும் இருந்த ரவுண்ஹவுஸ் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பகலில் நான் தொழிற்சாலைக்குப் போய்விடுவேன். ஆகவே கொரிய இணைய ஒளிபரப்பின் கனடாப் பிரிவுக்கு அம்மாவைத் துணைப் பொறியியலாளராக நியமித்தேன்.

"உறையிலயிருந்து கசெற்றை எடுக்கிறது, டெக்கில போடுறது, இந்தப் பொத்தானை அமத்துறது. முடிஞ்சாப் பிறகு அதே உறைக்குள்ள திருப்பி வைக்கிறது. உறையிலதான் நம்பர் இருக்கு, கசெற்றில ஒண்டும் இல்லை. மாறக்கூடாது, சரியோ?"

"உது பெரிய வேலையோ?" என்றார் அம்மா. "பொத்தானை அமத்திப்போட்டு நான் சமையலைப் பாக்கிறன்."

அம்மா சமையலைப் பார்க்கவில்லை. ஒரு கிழமைக்குள் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு பாணும் சம்பலுமாக ஒடுங்கியது. நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே அன்றைய கதை தொடங்கிவிடும். அம்மாவுக்குக் கொரிய மொழி ஒரு சொல்லும் தெரியாது. அது அவருக்கு ஒரு குறையாகவே இருக்கவில்லை.

"தம்பி, உந்தப் பாஷை எங்கட பாஷைதான். அம்மாவை அம்மா எண்டுதான் கூப்பிடினம். அப்பாவை அப்பா எண்டுதான். ஆனால் அந்தப் பெட்டை செய்யிறது எனக்குப் பிடிக்கேல்லை. தகப்பனைப் பாத்து உப்பிடிக் கண்ணைக் காட்டுவாளே?"

நான் கடையில் விசாரித்தேன். அவள் சொன்னது அப்பா இல்லை, 'ஒப்பா'. பெண்பிள்ளைகள் அண்ணனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், காதலனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றார் மிஸிஸ் ஓம். வந்து சொன்னபோது அம்மா கொஞ்சமும் அசரவில்லை.

"அப்ப சரி. நாங்கள் மனுசனை இஞ்சரப்பா எண்டு கூப்பிடுறேல்லையோ, அது மாதிரி."

அந்த நிமிடத்திலிருந்து அம்மாவும் நானும் கொரிய மொழி அறிஞர்கள் ஆனோம். (இந்த அறிஞர் பட்டம் பின்னால் எனக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.) மிஸ்டர் ஓம் ஒருநாள் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தார். அம்மா அறிஞருக்கு உரிய தோரணையோடு பேசினார்.

"ஓம், ஆர் கதைக்கிறது?"

"ஓம்."

"ஓம், ஆர் எண்டு கேக்கிறன்."

"ஓம்."

அம்மா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "ஆரோ எங்கட ஆள்தான் கதைக்குது. எல்லாத்துக்கும் ஓம் எண்டுது, பேரை மட்டும் சொல்லுதில்லை."

மிஸ்டர் ஓம் எடுத்தது முக்கியமான விஷயத்துக்கு. அவர்களுடைய சேர்ச்சில் ஒரு மூப்பர் இருந்தார். ஊரெல்லாம் உடுப்பு வெளுக்கும் கடைகள் வைத்திருந்தவர். அவர் மனம் வைத்தால் இந்தச் சேவை நிறுவனமாகிவிடும், நான் தொழிற்சாலையை விட்டுவிட்டு முழுநேர வேலைக்கு வந்துவிடலாம். மனம் வைக்க முதல் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாராம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சேர்ச்சின் கீழ்த்தளத்தில் மத்தியானச் சாப்பாட்டோடு சபை முழுக்கப் பார்க்கப் போகிறது.

"எதைக் காட்டுவது?" என்று கேட்டேன்.

"அந்தப் புது நாடகத்தின் முதற் பாகம்," என்றார். "எல்லாரும் பார்த்தது. கெடுதல் வராது."

அந்த நாடகம்தான் அப்போது நோர்த் யோர்க்கைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் கிழமைக்கு ஒரு கசெற்றாக எடுத்துப் போய்ப் பாதி வரை வந்திருந்தார்கள். கதாநாயகன் அவளைக் கட்டுவானா மாட்டானா என்று சேர்ச்சில் செபம் நடந்ததாகவும் கேள்வி. மிச்சக் கசெற்றுகளை மிஸ்டர் ஓமின் மைத்துனர் சோலிலிருந்து முன்கூட்டியே அனுப்பியிருந்தார். அவை இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது. அவை எங்கள் வீட்டு வரவேற்பறையில் அம்மாவின் காவலில் இருந்தன.

முதற் பாகத்தை நான் கவனமாகச் சோதித்தேன். திருப்பித் திருப்பி எத்தனையோ தரம் ஓடவிட்டேன். தலைப்புப் பாட்டு வரும், கதாநாயகி குடையோடு ஓடுவாள், நான் திருப்தியோடு நிறுத்திவிடுவேன். எல்லாப் பாகத்துக்கும் ஒரே தலைப்புப் பாட்டுத்தான் என்ற சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை. என் மூளை முழுக்கப் படம் உறையாமல் இருக்க வேண்டும் என்பதில் இருந்தது. வரப்போகும் படத்தில் கொஞ்சத்தைக் கொம்பியூட்டர் முன்கூட்டியே வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்ளும். அதற்குப் பஃபர் என்று பெயர். சாதாரணமாகச் சில விநாடிகளுக்கு வைப்பார்கள். நான் சில நிமிடங்களுக்கு வைத்தேன். லைன் அறுந்தாலும் படம் ஓடும் என்று மிஸ்டர் ஓமிடம் பெருமையடித்தேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு சொந்தக்காரனின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டேன். அம்மா கூறைச்சேலைக்கு அடுத்தபடியாக உள்ள சேலையைக் கட்டிக்கொண்டு, ஒரு டப்பா கடலை வடையோடு வந்தார். மகன் இன்ரநெற் கண்டுபிடித்ததை நேரில் பார்க்க வேண்டுமாம்.

மண்டபத்தில் அத்தனை சனத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பெண்கள் முன்வரிசைகளில், மூப்பர் நடுவில், ஒரு மூலையில் பெரிய மின்சாரக் குக்கர்களில் சோறு வெந்துகொண்டிருந்தது. வாடகைக்கு எடுத்த புறொஜெக்டர் சுவரைப் பார்த்தபடி நின்றது. மிஸ்டர் ஓம் கொரிய மொழியில் நீண்ட பேச்சு ஒன்று பேசினார். கசெற் ஒன்றைத் தூக்கிக் காட்டி, அதைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். மிஸிஸ் ஓம் எழும்பிப் போய் அதை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார்.

பிறகு மிஸ்டர் ஓம் எனக்குத் தலையசைத்தார். நான் அழுத்தினேன்.

தலைப்புப் பாட்டு வந்தது. படம் கலங்கலாக இருந்தாலும் ஓடியது. பெண்கள் கைதட்டி, பாட்டோடு சேர்ந்து பாடினார்கள். மூப்பர் மூக்குக்கண்ணாடியைப் போட்டார். மிஸ்டர் ஓமின் கண்கள் கலங்கிப்போயிருந்தன. என் வாழ்க்கையில் நான் ஒரு மேதையாக இருந்த காலம் அதுதான். ஒரு பாட்டு நீளம்.

பாட்டு முடிந்தது. சுவரில் ஒரு பெரிய புகைப்படம் வந்தது. கதாநாயகனின் சிரித்த முகம். சட்டத்தின் மேல் கறுத்த ரிப்பன். அதற்கு முன்னால் ஊதுவத்தி. வெள்ளை உடுப்போடு கதாநாயகி விழுந்து கும்பிட்டு அழுகிறாள்.

மண்டபத்தில் சைக்கிள் ரயர் காற்றுப்போவதுபோல ஒரு சத்தம் கேட்டது. போன கிழமைக் கசெற்றில் அவன் உயிரோடு, நல்ல சுகத்தோடு, மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தவன்.

அடுத்த கணம் பின்வரிசையிலிருந்து தெளிவான யாழ்ப்பாணத் தமிழில் அம்மாவின் குரல் வந்தது.

"தம்பி, உது பெடியன் செத்தாப் பிறகு வாறதெல்லோ. கடைசிப் பாகமடா."

அவ்வளவு கொரியர் கூடியிருந்த மண்டபத்தில் கதையின் முடிவு முன்கூட்டியே தெரிந்திருந்த ஒரே ஆள், கொரிய மொழி தெரியாத என் அம்மா.

நான் நிறுத்தப் பார்த்தேன். படத்தை முழுத் திரைக்கு விட்டிருந்ததால் நிறுத்தும் பொத்தான் கண்ணில் படவில்லை. கொம்பியூட்டர் எலியை அவசரமாக உருட்டியதில் சத்தம்தான் கூடியது. மேசைக்குக் கீழே புகுந்து கைக்கு அகப்பட்ட பிளக்கைப் பிடுங்கினேன். படம் ஓடிக்கொண்டே இருந்தது. மூலையில் சோற்றுக் குக்கர்களின் விளக்குகள் அணைந்தன. அடுத்ததாக இன்ரநெற் வயரையே இழுத்து அறுத்தேன். அப்போதும் ஓடியது. ஓடாமல்? லைன் அறுந்தாலும் ஓடவேண்டும் என்று பஃபரை நிரப்பி வைத்தவன் நான்தானே.

இதற்குள் சபை இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாதிப் பேர் நிறுத்து என்று கத்தினார்கள். மீதிப் பேர் நிறுத்தாதே என்று கத்தினார்கள். ஒரு பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை மட்டும் நன்றாகத் திறந்து வைத்திருந்தார். சுவரில் பணக்கார வீட்டின் கார்ச் சாரதி ஓடிவந்து, புகைப்படத்தைக் கட்டிப்பிடித்து ஏதோ சொல்லிக் கதறினான். மண்டபம் மறுபடி காற்றுப்போனது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா விளக்கினார்.

"அவன்தான் பெத்த தகப்பன். பாவம், கடைசிவரைக்கும் சொல்லாமல் இருந்திட்டான்."

கடைசியில் மிஸிஸ் ஓம் வந்து புறொஜெக்டருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். நாடகம் அவருடைய வெள்ளைச் சட்டையில் தொடர்ந்தது. செத்தவீடு அவர் வயிற்றிலும் கதாநாயகி அவர் தோளிலுமாக. முன்வரிசைப் பெண்கள் கதிரையை நகர்த்தி அதையும் பார்த்தார்கள். பஃபர் தீர்ந்து படம் உறைந்தபோது, யாருக்கும் தெரியவேண்டியது எதுவும் மிச்சமிருக்கவில்லை.

மூப்பர் எழும்பி என்னிடம் வந்தார்.

"நல்ல மெசின்," என்றார். "நிற்கவே இல்லை." கொஞ்சம் யோசித்தார். "நின்றிருக்கலாம்."

பிறகு மிஸ்டர் ஓமிடம் கொரிய மொழியில் ஏதோ சொல்லிவிட்டு, வேகாத சோற்றை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார். அவர் சொன்னதை மிஸிஸ் ஓம் பிறகு எனக்குச் சொன்னார். கடைசிப் பாகத்தை முதலில் பார்க்கலாம் என்றால், நடுவில் உள்ளதை எந்த மடையன் வாடகைக்கு எடுப்பான்?

மிஸ்டர் ஓம்தான் எங்களைத் தன்னுடைய வான் வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். நெடுஞ்சாலை முழுக்க நான் வேலை போனதற்கான ஆங்கில வசனத்தை எதிர்பார்த்துக்கொண்டு இருந்தேன். பின் ஆசனத்திலிருந்து அம்மா ஒரு வடையை நீட்டினார். அவர் வாங்கிச் சாப்பிட்டார். இன்னொன்றை நீட்டினார். அதையும் சாப்பிட்டார். மல்வேர்ன் வந்ததும் வானை நிறுத்திவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார். நான் நாடகம் ஏற்றவென்று தூக்கிப்போன அந்தக் கசெற்றுகளை அவருமே பார்த்திருக்கவில்லை; மண்டபத்துக் கூச்சலில் சாரதி சொன்னதும் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையாம்.

"டிரைவர்..." என்று இழுத்தார்.

"அப்பா," என்றார் அம்மா.

அவர் ஸ்ரியரிங்கில் தலையைச் சாய்த்தார். "அப்பா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "நான் சந்தேகப்பட்டேன்."

வீட்டுக்குள் போனதும் அம்மாவை விசாரணைக்கு எடுத்தேன். முதலில் கொரியர்கள்தான் உறையை மாற்றி அனுப்பியிருப்பார்கள் என்றார். பிறகு மெல்ல மெல்ல உண்மை வந்தது. முதற் பாகம் டெக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடியனுக்குக் கடைசியில் என்ன ஆகும் என்று தெரியாமல் அவருக்குப் பொறுக்கவில்லையாம். அதை வெளியில் எடுத்துவிட்டுக் கடைசிக் கசெற்றைப் போட்டுப் பார்த்திருக்கிறார். பொத்தானையும் மறக்காமல் அமத்தியிருக்கிறார். பார்த்து முடித்ததும் அருகில் இருந்த வெறும் உறைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். அது முதற் பாகத்தின் உறை. அதன் நம்பரைத்தான் நான் கொம்பியூட்டரில் ஏறிய படத்துக்கும் போட்டேன்.

"முடிவு தெரிஞ்சால்தான் எனக்கு நிம்மதியாப் பாக்கலாம்," என்றார். "நீயெல்லோ கொம்பியூட்டர் படிச்சனீ. முழுக்கப் பாத்திருக்க வேண்டாமோ?"



மிஸ்டர் ஓம் என்னை வேலையை விட்டு நிற்பாட்டவில்லை. மிஸிஸ் ஓம் அதைவிட நல்ல யோசனை வைத்திருந்தார். மிச்சக் கசெற்றுகளைச் சீண்ட ஆளில்லாமல் கடை ஈயடித்தது. வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் நான் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவும் கொரிய மொழியில் என்றார். வசனத்தையும் அவரே சொல்லித்தந்தார். "ஜொனுன் பாபோ இம்னிதா."

அர்த்தம் கேட்கவில்லை. அறிஞனுக்கு எதற்கு அர்த்தம்? அம்மா என்றால் அம்மா, அப்பா என்றால் அப்பா. ஆகவே பாபோ என்றால் பாவம். நான் ஒரு பாவம், மன்னித்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதானே. ஒரு மாதம் சனிக்கிழமைகளில் கவுண்டருக்கு அருகில் நின்று, நெஞ்சில் கைவைத்து, தலையைக் குனிந்து, ஒவ்வொருவரிடமும் உருக்கமாகச் சொன்னேன். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் இரண்டாவது முறை வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மூன்றாவது முறை சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு வேறு கசெற்றுகளை எடுத்துப் போனார்கள். என் உச்சரிப்பு அவர்களை உருக்கிவிட்டது என்று வீட்டில் வந்து சொன்னேன். கடை பிழைத்துவிட்டது. இன்ரநெற் சேவைதான் பிழைக்கவில்லை. கொம்பியூட்டரைப் பின்னறையில் நூடில்ஸ் பெட்டிகளின் மேல் வைத்தார்கள். நான் வேறு இடத்தில் வேலை எடுத்தேன். மற்றவர்கள் எழுதும் மென்பொருளைக் கடைசிவரை ஓட்டிப் பார்க்கும் வேலை. இதில் நான் கெட்டிக்காரன் என்று சொல்கிறார்கள்.

வருசங்கள் ஓடின. மிஸ்டர் ஓம் சொன்னதை வேறு யாரோ செய்து உலகத்தையே வாங்கினார்கள். நானும் கலியாணம் கட்டி, ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கினேன். மகள் அபி கொரிய நாடகம் பார்த்தே அந்த மொழியைப் படித்துவிட்டாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், அப்பாவுக்கும் கொரியன் தெரியும் என்று மனைவி வசந்திக்கு முன்னால் நெஞ்சில் கைவைத்து அந்த வசனத்தைச் சொல்லிக் காட்டினேன்.

அபி கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா, வெயிற். இதை ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"எல்லாருக்கும். ஒரு மாசம்."

"ஓ மை கோட். பாபோ எண்டால் மடையன். 'நான் ஒரு மடையன்' எண்டு சொல்லியிருக்கிறீங்கள். வெரி பொலைற்றா."

வசந்தி சிரித்த சிரிப்பில் புரைக்கேறி, முதுகில் தட்டவேண்டி வந்தது. அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பெயர். வசந்தி அதைக் குரலைத் தாழ்த்தி, இழுத்து, மிகவும் அன்பாகச் சொல்வாள். "பாபோ, அந்த உப்பை எடுங்கோ." வீட்டுக்கு வருகிற சிநேகிதிகள் கேட்டுவிட்டு, நல்ல செல்லப் பெயராக இருக்கிறதே என்றார்கள். கொரியன் என்றதும் இன்னும் பிடித்துப்போயிற்று.

இப்போது எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் மனைவிமார் கணவன்மாரைப் பாபோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்களும் ஓம், ஓம் என்று முகம் மலர்ந்து ஓடிப்போகிறார்கள். போன கிழமை ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, அர்த்தம் என்ன அண்ணை என்று கேட்டார். கண்ணே மாதிரி ஒரு சொல் என்றேன்.